லதாவின் முழமும் விஜயாவின் முழமும்

தோவாளைச் சந்தையில் இறங்குகிற பிச்சி மொட்டில் ஒரு கூடை தினமும் காலையில் அன்னக்கிளி வீட்டுக்கு வந்துவிடும். உச்சிக்கு முன்னால் அது சரமாகித் திரும்பிப் போகும். முப்பத்தைந்து வருஷமாக இதுதான் அவளுடைய சோலி. கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் இருக்கும். கை மட்டும் வாழைநாரில் மொட்டை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு முழம். அவள் அளந்து கொடுத்த சரத்தைச் சந்தையில் யாரும் இரண்டாவது தடவை அளந்ததில்லை.

எழுத்து மட்டும் தெரியாது. அதை அவள் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. மற்றவர் சொன்னால் சும்மா விட்டதும் இல்லை. "எழுத்து தெரிஞ்சவன் எல்லாம் கோர்ட்டு வாசல்லதான் நிக்கான், போய்ப் பாருங்கோ" என்பாள். புருஷன் கிருஷ்ணமணி முன்னால் இதைச் சொல்வதில் அவளுக்குத் தனி ருசி. ஏனென்றால் அவருக்கு எழுத்துதான் பிழைப்பு. பத்திரம் பதிகிற ஆபீசில் முப்பத்தோரு வருஷம் நகல் எழுதியவர். சுற்றுவட்டாரத்தில் பாதி வயலுக்கு நான்கு எல்லையும் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் தென்னந்தோப்பு என்று எழுதி எழுதி, மனிதர் சாப்பிட உட்காரும்போதுகூட இலைக்கு நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் வீட்டில் ஒரு சண்டை கிடையாது. ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆபீசில் அவருக்குப் போட்ட மாலையைக் கட்டியதே அன்னக்கிளிதான். அதைக் கட்டும்போது அவளுக்கு மனசு குளிர்ந்தது. இனி மனிதர் வீட்டில் துணைக்கு இருப்பார் என்று நினைத்தாள். இருந்தார். அதுதான் வினை.

எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"ஏட்டி, இந்த மொட்டுக்கும் அடுத்த மொட்டுக்கும் எடவெளி சமமா இல்லியே."

"இது பூவாக்கும். பத்திரம் இல்ல."

"எதுலயும் ஒரு ஒழுங்கு வேணும்னு சொல்லுதேன்."

"ஒழுங்கு வேணும்னா ஒரு நடை சந்தைக்குப் போயி அந்தக் கூடையக் குடுத்துட்டு வாருங்கோ."

போகமாட்டார். மொட்டை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

மகள் சுபிதா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அம்மா போனில் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டு, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பழைய லேப்டாப்பும் புதிதாக ஒரு பிரிண்டரும் வாங்கி அனுப்பினாள். வீட்டில் இருந்தபடியே தாளில் அச்சு எடுக்கிற பெட்டி. அது வந்த மூன்றாம் நாள் கிருஷ்ணமணி அடுக்களைக்குள் புகுந்தார். கடுகு, உளுந்து, வெந்தயம், சீனி, உப்பு என்று பெயர் அடித்து, வெட்டி, எல்லா டப்பாவிலும் ஒட்டினார். அன்னக்கிளிக்கு டப்பாவை எப்படித் தெரியும்? நசுங்கினது உளுந்து, மூடி இறுகினது கடுகு, அவ்வளவுதான். பெயர் ஒட்டின பிறகும் அவள் தன் வழக்கப்படியே கொட்டிவைத்தாள். ஒருநாள் கிருஷ்ணமணி எழுத்தை நம்பிக் காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு வந்து நின்றார்.

"சீனின்னு போட்டிருக்கே, ஏட்டி!"

"யாரு போட்டா?"

மறுநாளே டப்பாக்களின் தட்டுக்கும் ஒரு பட்டியல் ஒட்டினார். அன்றைக்கு அன்னக்கிளி முத்தாரம்மன் கோயிலுக்குப் போய் ஒரே ஒரு வேண்டுதல்தான் வைத்தாள். தாயே, இந்த மனுசனுக்கு வெளியில ஒரு சோலி குடு.

அம்மன் கேட்டுவிட்டாள். கேட்ட விதம்தான் கொஞ்சம் சுற்று.

அந்த ஊர் முத்தாரம்மனுக்கு மூன்று வருஷமாகக் கொடை கிடையாது. வருஷா வருஷம் பங்குனியில் வில்லுப்பாட்டும் மேளமும் படைப்புமாக நடக்கிற விழா, இரண்டு பேர் சண்டையால் நின்று கிடந்தது. ஒருவர் தாணு, வாழைக்குலை வியாபாரி. மற்றவர் செண்பகராமன், அரிசி மில்காரர். இருவரும் மச்சினன்மார்கள்; தாணுவின் தங்கையைத்தான் செண்பகராமன் கட்டியிருக்கிறார். கொடை நோட்டீசில் யார் பெயர் மேலே வருவது என்பதுதான் சண்டை. வயலுக்குத் தண்ணீர் விடுவதில் சண்டை இல்லை, கொடுக்கல் வாங்கலில் சண்டை இல்லை. தாளில் ஒரு விரற்கடை இடத்துக்காக அம்மன் மூன்று வருஷம் பட்டினி.

கடைசியில் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. தாணு தலைவர், செண்பகராமன் கௌரவத் தலைவர். இரண்டு பெயரும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில் வரும். இடப்பக்கம் யார் என்று அம்மன் காலடியில் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள், செண்பகராமனுக்கு விழுந்தது. அப்படியானால் எழுத்தின் அளவு ஒரு நூல்கூட வித்தியாசம் ஆகக்கூடாது என்று தாணு நிபந்தனை போட்டார். நோட்டீசை எங்கே அடிப்பது? நாகர்கோவிலில் எந்த அச்சகத்தைச் சொன்னாலும் அங்கே ஒரு பக்கத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். அப்போது யாரோ சொன்னார்கள், கிருஷ்ணமணியிடம் பிரிண்டர் இருக்கிறது, அவர் எந்தப் பக்கமும் இல்லை என்று. உண்மையில் அவரை எந்தப் பக்கமும் கூப்பிட்டதில்லை. அப்படி அவர் கொடைக் கமிட்டிச் செயலாளர் ஆனார்.

வீட்டுக்கு வந்த அமைதியைச் சொல்லி முடியாது. காலையில் காப்பி குடித்ததும் கக்கத்தில் பைலை இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார். உச்சிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார். மொட்டை எண்ண ஆள் இல்லை. அன்னக்கிளி ஒருநாள் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள். இந்தப் பதவி மட்டும் இவருக்கு நிலைத்துவிட்டால் போதும், அம்மனுக்கு ஆளுயர மாலை ஒன்று தன் கையால் கட்டிப் போடுவது என்று நேர்ந்துகொண்டாள்.

நோட்டீஸ் அடிக்கிற வேலை வந்தது. கிருஷ்ணமணி நாலு நாள் உட்கார்ந்து தட்டினார். முதல் தாள் வெளியே வந்ததும் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தாள் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

அன்னக்கிளி எட்டிப் பார்த்தாள். "கோலமா?"

"போட்டீ அங்க."

மகளுக்குப் போன் போட்டார். சுபிதா சிரித்தாள். "அப்பா, அழகா இருக்குன்னு நீங்க எடுத்தது இங்கிலீஷ் எழுத்துரு. அதுக்குள்ள தமிழே கெடையாது. இல்லாத எழுத்துக்குப் பதிலா அது கட்டம் போடும். தமிழ் இருக்க எழுத்துருவா எடுங்கோ. லதா இருக்கு, விஜயா இருக்கு, நிர்மலா இருக்கு."

எழுத்துரு என்றால் எழுத்தின் உருவம், அதாவது ஒரே 'அ'வை ஒருத்தன் குண்டாக எழுதுவான், ஒருத்தன் ஒல்லியாக எழுதுவான், அதுபோல என்று மகள் சொன்னாள். கிருஷ்ணமணி நகல் எழுதின கை. கேட்ட மாத்திரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார். அன்றைக்கு முழுக்க அவர் வாயில் லதாவும் விஜயாவும்தான்.

"லதா கொள்ளாம், ஆனா கொஞ்சம் தடிப்பு. விஜயாவாக்கும் லெட்சணம்."

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லீலாபாய்க்குக் கை ஓடவில்லை. "அன்னக்கிளியக்கா," என்று பைய கூப்பிட்டாள், "ஒங்க வீட்டுல அண்ணாச்சி என்ன, லதாங்காரு, விஜயாங்காரு?"

"எழுத்துக்குப் பேரு வச்சிருக்கானுவோ."

"எழுத்துக்கா? பொம்பளப் பேரா?"

"ஆமா. வேலை வாங்கணும்னா பொம்பளப் பேருதான வைப்பானுவோ."

இரண்டாவது தாள் நன்றாக வந்தது. அம்மன் படம் மேலே, விழா நாட்கள் நடுவில், தலைவர் வரி அதற்குக் கீழே. விஜயா எழுத்துருவில் எல்லாவற்றையும் அவரே தட்டியிருந்தார். செண்பகராமன் பெயரை மட்டும் தட்டவில்லை. அந்தப் பெயருக்கு முன்னால் என்ன என்ன பட்டம் போட வேண்டும் என்று செண்பகராமனின் மகள் வாட்ஸப்பில் ஒரு பைல் அனுப்பியிருந்தாள். அதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார். ஒட்டினது லதாவில் வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. கவனித்தது எழுத்தின் அளவை. இந்தப் பக்கம் பதினெட்டு, அந்தப் பக்கமும் பதினெட்டு. இரண்டு தடவை பார்த்தார். பத்திரத்தில் சென்ட் கணக்குப் பார்க்கிற மாதிரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் பார்த்தார்.

தாளை அன்னக்கிளி முன்னால் நீட்டினார். பாராட்டு வேண்டுமே.

அவள் நாரைப் பல்லில் கடித்தபடியே பார்த்தாள். "இது ஒண்ணு குள்ளமா இருக்கு."

"எது?"

"இந்த வரியில வலப்பக்கம் இருக்கது. இடப்பக்கம் இருக்கது கொழுத்திருக்கு."

"வலப்பக்கம் தாணு அண்ணாச்சி. இடப்பக்கம் செண்பகராமன் அண்ணாச்சி. ரெண்டும் பதினெட்டு."

"அவுங்க யாருன்னு நான் கேக்கல. குள்ளமா இருக்குன்னு சொல்லுதேன்."

"ஏட்டி, ஒனக்கு எழுத்தே தெரியாது."

"அதனாலதான் தெரியுது. ஒங்களுக்குத் தாணுன்னு கண்டதும் தாணு அண்ணாச்சி மொகமும் மீசையும் தெரியும். எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது. கறுப்பா வளைஞ்சு கெடக்கது மட்டுந்தான் தெரியும். வளைஞ்சு கெடக்கது இங்க சின்னது, அங்க பெருசு."

கையில் இருந்த நாரை எடுத்து அந்த வரியின் தலைமேல் இழுத்துப் பிடித்துக் காட்டினாள். செண்பகராமன் தலையை நார் தொட்டது. தாணு தலைக்கும் நாருக்கும் நடுவில் ஒரு எறும்பு போகலாம்.

"தாளு கோணியிருக்கு" என்றார் கிருஷ்ணமணி.

"தாளு கோணல, ஒங்க பதினெட்டு கோணியிருக்கு. சந்தையில மூக்காண்டி அளந்தாலும் ஒரு முழம்பான், அவன் பொண்டாட்டி அளந்தாலும் ஒரு முழம்பா. ரெண்டு சரத்தையும் சேத்துப் பிடிச்சா நாலு விரல் வித்தியாசம் இருக்கும். முழம் ஒண்ணு, கை ரெண்டு. இதுவும் அப்பிடித்தான். ரெண்டு கை அளந்திருக்கு."

"கம்ப்யூட்டருக்குக் கை ஏதுட்டீ? பதினெட்டுன்னா பதினெட்டு. எண்ணு பொய் சொல்லாது."

"எண்ணு சொல்லாது. எண்ணுகவன் சொல்லுவான்."

இவள் விடமாட்டாள், அவர் கேட்கமாட்டார். அன்றைக்கே இருநூறு நோட்டீசையும் அடித்துத் தீர்த்துவிட்டார். பிரிண்டர் சூடாகித் தும்மியது. மை முக்கால்வாசி தீர்ந்தது. அடுக்கி, நார் போட்டுக் கட்டி வைத்தார். அந்த நாரும் அவளுடையதுதான்.

மறுநாள் காலை நோட்டீசை வாங்கிப்போகத் தாணுவே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிப்போடுதான் வந்தார். தாணுவுக்கும் எழுத்து அவ்வளவாக இல்லை. தன் பெயரை மட்டும் போடத் தெரியும், பார்த்தால் அடையாளம் தெரியும். தாளைக் கையில் வாங்கிச் செத்த நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பீடி பற்றவைக்கப் போகிறார் என்று கிருஷ்ணமணி நினைத்தார். தாணு ஒரு குச்சியை எடுத்துத் தன் பெயர் மேல் வைத்து, நகத்தால் அடையாளம் செய்து, அப்படியே அதைச் செண்பகராமன் பெயருக்கு நகர்த்தினார்.

"வே கிருஷ்ணமணி."

"அண்ணாச்சி?"

"எனக்குத் தீக்குச்சியில பாதி. அவனுக்குப் பாதிக்கு மேல. இது என்னவாக்கும்?"

"ரெண்டும் பதினெட்டு அண்ணாச்சி. வேணும்னா வாருங்கோ, ஸ்கிரீன்ல காட்டுதேன்."

"ஸ்கிரீனை ஊர்ல எவன்வே பாக்கப்போறான்? தாளத்தான் பாப்பான். எந்தப் பக்கமும் இல்லாத ஆளுன்னு ஒம்ம வச்சோம். நீரு எந்தப் பக்கம்னு இப்பம் தெரிஞ்சு போச்சு."

"அண்ணாச்சி, நான் சாமி சத்தியமா..."

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோயில்ல கூட்டம். வேற செயலாளரப் பாத்துக்கிடுகோம். இல்லன்னா கொடை இந்த வருசமும் இல்ல. ஒண்ணும் கெட்டுப்போவல, மூணு நாலாவும், அவ்வளவுதான்."

அவர் போன கையோடு செண்பகராமன் போன் போட்டார். செய்தி அதற்குள் போய்விட்டது. "கிருஷ்ணமணி, நோட்டீஸ் ரொம்பச் சரியா இருக்காம்லா? ஒரு எழுத்து மாத்தப்பிடாது, கேட்டீரா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கிருஷ்ணமணி போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊர் அவரிடம் இதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றும் இப்படி ஆகிவிட்டது. அந்த முதுகைப் பார்க்க அன்னக்கிளிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் என்று நினைத்த அதே மூச்சில் நாளைக் காலையும் அவள் கண்முன் வந்தது. நாற்காலி. எதிரே அவர். மொட்டுக்கு மொட்டு இடைவெளி. அடுக்களையில் இன்னொரு பட்டியல். கொடை நின்றால் அம்மன் பொறுத்துக்கொள்வாள், அவளுக்குப் பழக்கம்தான். அன்னக்கிளியால் இனி ஒருநாள் பொறுக்க முடியாது.

பூக்கூடையைத் தள்ளி வைத்தாள். இத்தனை வருஷத்தில் பூ கட்டி முடியாமல் அவள் எழுந்தது மகள் பிறந்த அன்றைக்கு மட்டும்தான்.

"எழும்புங்கோ."

"என்ன விடு, ஏட்டி."

"விட மாட்டேன். எழும்பி அந்தப் பெட்டி முன்னால இரியுங்கோ. ஒங்க லதா, விஜயா, இன்னும் யாரு உண்டோ, எல்லாரையும் கூப்பிடுங்கோ. ஒரே தாள்ல, ஒருத்திக்குக் கீழ ஒருத்தியா, அந்த ரெண்டு பேரையும் எழுதச் சொல்லுங்கோ. எல்லாத்துக்கும் ஒங்க பதினெட்டே வையுங்கோ."

அவருக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை. உட்கார்ந்தார். ஏழு எழுத்துரு இருந்தது. ஏழிலும் இரண்டு பெயரையும் தட்டி, எல்லாவற்றுக்கும் பதினெட்டு வைத்து ஒரு தாள் எடுத்தார். எடுத்ததும் அவர் கண்ணாலேயே பார்த்தார். ஏழு பதினெட்டும் ஏழு விதம். ஒன்று வரியை முட்டிக்கொண்டு நின்றது, ஒன்று பத்தியக்காரன் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. விஜயா எல்லாவற்றிலும் சின்னது. லதா அவளைவிட நல்ல வளர்த்தி.

"பதினெட்டுன்னு சொன்னா..." என்று இழுத்தார்.

"பதினெட்டுன்னா முழம். யாரு கை முழம்னு கேக்கணும். ஒங்க விஜயா கை குட்டை."

முப்பத்தோரு வருஷம் எழுத்தோடு இருந்த மனிதர் அந்தத் தாளை முதன்முதலாக எழுத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். படிக்கவில்லை, பார்த்தார். அன்னக்கிளி ஏழு வரியிலும் நாரை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவதில் விரல் வைத்தாள்.

"இவ யாரு?"

"நிர்மலா."

"இவ போதும். தடிப்பும் இல்ல, மெலிவும் இல்ல. முழு நோட்டீசையும் இவ ஒருத்தி கையில குடுங்கோ. ஒருத்தியே அளந்தா யாரும் கேக்க மாட்டான்."

முழு நோட்டீசையும் நிர்மலாவுக்கு மாற்றினார். மாற்றினதும் வேறு ஒரு கஷ்டம் வந்தது. விஜயாவில் அடக்கமாக இருந்த வரிகள் நிர்மலாவில் தோளை அகட்டின. வில்லுப்பாட்டு கீழே இறங்கியது, மஞ்சள் நீராட்டு அதற்கும் கீழே இறங்கியது, தாளின் அடியிலிருந்த செயலாளர் பெயர் அடுத்த தாளுக்கே போய்விட்டது. இரண்டு தாளில் நோட்டீஸ் அடிக்க மையும் இல்லை, நேரமும் இல்லை. எதையாவது குறைக்க வேண்டும். அம்மன் பெயரைக் குறைக்க முடியாது. தலைவர் வரியில் கைவைக்க முடியாது. மேளக்காரர் பெயரைக் குறைத்தால் அவர் வாசிப்பில் குறைப்பார். கிருஷ்ணமணி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தன் பெயரைப் பதினான்கிலிருந்து எட்டுக்கு இறக்கி, ஓரத்தில் ஒதுக்கினார். நோட்டீஸ் ஒரு தாளில் அடங்கியது.

"இதுல ஒங்க பேரு எங்க?" என்று கேட்டாள் அன்னக்கிளி.

காட்டினார். எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

"இவ்வளவுதானா?"

"செயலாளர்னா அவ்வளவு போதும்."

அன்னக்கிளி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டில் அபூர்வம். அவர் அவளை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இருந்த மையில் நாற்பது தாள் வந்தது. ஐந்து மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். அம்மனுக்குச் சாயங்காலச் சரம் கொடுக்கிற சாக்கில் அன்னக்கிளியும் பின்னால் போய், பெண்கள் நிற்கிற தூணோரம் நின்றாள்.

கூட்டத்தில் ஊரே இருந்தது. கொடை நடக்குமா என்பதைவிட, நடக்காமல் போவதைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். தாணு தீக்குச்சியோடு உட்கார்ந்திருந்தார். செண்பகராமன் படித்தவர் என்பதால் அடிஸ்கேல் கொண்டுவந்திருந்தார். புது நோட்டீசைக் கல்தூணில் ஒட்டினார்கள். தாணு குச்சியை வைத்தார். செண்பகராமன் ஸ்கேலை வைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலை முட்டிக்கொண்டது. மூன்று வருஷத்தில் மச்சினன்மார் அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான்.

குச்சிக்கும் ஸ்கேலுக்கும் ஒரே கணக்கு வந்தது. சமம்.

தாணுவுக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "உசரம் சரிதான்வே. நீளத்தப் பாரும். அவன் பேரு இங்கேருந்து அங்க வரைக்கும் படுத்துக் கெடக்கு. என் பேரு ஒரு மூலையில குந்தியிருக்கு."

கிருஷ்ணமணி நோட்டீசைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவரிடம் எழுத்துரு இல்லை.

தூணோரத்திலிருந்து அன்னக்கிளி கேட்டாள். "அண்ணாச்சி, அவுங்க அப்பா அவுங்களுக்கு நீளமாப் பேரு வச்சாரு. ஒங்க அப்பா ஒங்களுக்கு ரெண்டு எழுத்து வச்சாரு. அதுக்குச் செயலாளர் என்ன செய்வாரு?"

தாணு திரும்பி அவளைப் பார்த்தார். மீசைக்குக் கீழே என்னவோ அசைந்தது.

"எங்கப்பன் எல்லாத்துலயும் பிசுநாறிதான்" என்றார்.

சிரிப்பு ஆரம்பித்தது. செண்பகராமன்தான் முதலில் சிரித்தார். தாணுவின் அப்பா அவருக்கு மாமனார் ஆயிற்றே, அனுபவம் இருக்கும். அந்தச் சிரிப்பிலேயே நோட்டீஸ் பாஸாகிவிட்டது. பழைய இருநூறையும் தாணு தன் முன்னால் வைத்தே கிழிக்கச் சொன்னார்.

அப்போது ஒருவர் கேட்டார், காலையில் தப்பாக இருந்தது சாயங்காலம் எப்படிச் சரியானது என்று. கிருஷ்ணமணி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எழுத்துருங்கது வேற ஒண்ணும் இல்ல. பூ அளக்க கை மாதிரியாக்கும். பதினெட்டுங்கது முழம். கை மாறினா முழம் மாறும். ஒரே கையால அளந்தா யாருக்கும் பாதகமில்ல. இத நான் இன்னைக்கு மத்தியானம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சேன்."

'இன்னைக்கு மத்தியானம்' என்கிற வரைக்கும் அது உண்மைதான். கைதட்டினார்கள். அன்னக்கிளியும் தட்டினாள். அவளுக்கு வேண்டியது பதவி, அது அவர் மடியில் விழுந்துவிட்டது. கண்டுபிடிப்பை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கொடை நன்றாக நடந்தது. ஆளுயர மாலையும் போட்டாள். கொடை முடிந்த கூட்டத்தில், இத்தனை நியாயமான ஆளை விடக்கூடாது என்று இரண்டு மச்சினன்மார்களும் சேர்ந்து சொல்லி, கிருஷ்ணமணியை மூன்று வருஷத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். அன்னக்கிளி அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கும் முன்னே செண்பகராமன் அடுத்த தீர்மானத்தை வாசித்தார். பிரிண்டர் செயலாளர் வீட்டில் இருப்பதால், கமிட்டி ஆபீசும் இனி செயலாளர் வீட்டிலேயே நடக்கும்.

அடுத்த வாரம் முழுக்க அன்னக்கிளி வீட்டில் ஆள். காதுகுத்து அழைப்பு அடிக்க ஒருவர், நினைவுநாள் நோட்டீஸ் அடிக்க ஒருவர். எல்லார் கையிலும் தீக்குச்சி. அத்தனை பேருக்கும் காப்பி. முன்னால் மொட்டை எண்ண ஒருவர்தான் இருந்தார். இப்போது கமிட்டியே எண்ணியது. தாணு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அன்னக்கிளி, இந்த எடத்துல முடிச்சு கொஞ்சம் நெருங்கிட்டு" என்றார்.

எட்டாம் நாள் அவள் பிரிண்டரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

"ஏட்டி, என்ன செய்யுதே?"

"கோயிலுக்குப் பின்னால வாகனம் வைக்க புரை ஒண்ணு இருக்குல்லா, அங்க கொண்டு போங்கோ."

"அங்க கரண்டு இல்ல."

"அம்மனுக்கு வெளக்கு எரியுதுல்லா? அங்கேருந்து இழுங்கோ. தலைவரு, கௌரவத் தலைவரு, மூணு வருசச் செயலாளரு, இத்தன பேரு இருக்கியோ. ஒரு வயரு இழுக்கத் தெரியாதா?"

இழுத்தார்கள். சிம்ம வாகனத்துக்கும் குதிரை வாகனத்துக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு, கிருஷ்ணமணி செயலாளராக உட்கார்ந்தார். வீடு வெறிச்சென்று ஆனது. அன்னக்கிளி இரண்டு நாள் அந்த அமைதியை ஆசை தீர அனுபவித்தாள். மூன்றாம் நாள் உச்சிச் சோறு கொண்டுபோனவள், புரையில் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி, பூக்கூடையையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டாள்.

ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் கிருஷ்ணமணி மெதுவாகச் சொன்னார்.

"ஒரு மாசம் இருந்தா எழுத்து பூராவும் படிச்சிரலாம், ஏட்டி. நான் சொல்லித் தாறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"படிச்சா பொறவு நானும் ஒங்கள மாதிரி ஆளத்தான் பாப்பேன். எழுத்து கண்ணுல படாது."

அவர் பிரிண்டர் பக்கம் திரும்பினார். அப்போதுதான் வெளியே வந்திருந்த ஒரு கல்யாண அழைப்பை அவளிடம் கொடுத்தார். அன்னக்கிளி அதைத் தலைகீழாக வாங்கி, நாரை இழுத்துப் பிடித்து, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இது இளைச்சிருக்கு."

தாளைத் திருப்பிப் பிடி என்று சொல்ல வாயெடுத்தவர், அந்த வரியைப் பார்த்தார். பிறகு மேசைக்குத் திரும்பிப் போய் அதை மாற்ற உட்கார்ந்தார்.